‘கோச்சி ஏறி வந்துருங்க’ பிறந்த கதை

வட்டவளையில் பாட்டுப் பதிவு செய்ய நினைக்கிறவன் முதலில் மழையோடு அனுசரித்துப் போகப் பழக வேண்டும். தகரக் கூரையில் நாலு துளி விழுந்தாலும் மைக்குக்கு மழை மட்டும்தான் கேட்கும். பாடுகிறவள் குயிலாக இருந்தாலும் கோட்டானாக இருந்தாலும் அப்போது எல்லாம் ஒன்றுதான். நான் கோபித்துக்கொள்வதில்லை. கதவைச் சாத்திவிட்டு, பால் விடாமல் ஒரு பிளேன்டி ஊற்றிக் குடித்துக்கொண்டு, வானம் வெளிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.

உமாசுதன் சேர், நீங்கள் கேட்டிருந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ‘கோச்சி ஏறி வந்துருங்க’ வெளிவந்து எட்டு வருடம் ஆகிறது, இப்போதும் கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டு இல்லாமல் மாப்பிள்ளை ஊர்வலம் நகர்வதில்லை, அதனால் உங்கள் வானொலி அதற்கென்று ஒரு நிகழ்ச்சி செய்கிறது என்றீர்கள். பாட்டு பிறந்த கதையை எழுதித் தரச் சொன்னீர்கள். கூடவே, என் தங்கை சர்மிளா வெளிநாட்டிலிருந்து போனில் பாடி அனுப்பிய அசல் பதிவும் வேண்டும், அம்மாவைக் கொழும்புக்கு அழைத்து, வாத்தியம் எதுவும் இல்லாத அந்தக் குரலை அவருக்குப் போட்டுக் காட்டப் போகிறோம் என்றீர்கள். நல்ல எண்ணம்தான். அந்தப் பதிவை அனுப்புவதற்கு முன்னால் சில விஷயங்களை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

வருடா வருடம் நீங்கள் ஒலிபரப்பில் சொல்லும் கதை எனக்கு மனப்பாடம். வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த அண்ணன் எழுதினான், வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன தங்கை ஓய்வு நேரத்தில் பாடி அனுப்பினாள், பாட்டு பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது, பாவம், அந்தத் தங்கை விபத்தில் இறந்துபோனாள். நீங்கள் அதைச் சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுக்கும். கேட்கிற எனக்கும் கண் கலங்கும். ஆனால் நான் அந்தப் பாட்டை எழுதவில்லை. ஒரு வரிகூட எழுதவில்லை. மெட்டும் என்னுடையதில்லை. ஓய்வு நேரம் என்று ஒன்று அவளுக்கு இருக்கவும் இல்லை.

மலையில் கொழுந்து எடுக்கும் எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கங்காணி பக்கத்தில் நிற்கும்போது வாயால் சொல்ல முடியாததைப் பாட்டாக இழுத்துச் சொல்லுவார்கள். இன்றைக்கு எடையில் வெட்டப்போகிறான், அவளுக்கு உடம்பு முடியவில்லை, குளவிக் கூடு அந்தப் பக்கம் இருக்கிறது, எல்லாம் பாட்டில் போகும். கங்காணிக்கு ஏதோ பாடுகிறார்கள் என்றுதான் தோன்றும். அடுத்த நிரையில் நிற்கிறவளுக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் அம்மா பேச்சியம்மா இதில் பெரிய கைகாரி. சின்ன வயதில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும்போது சர்மிளா இதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வீட்டில் என்னைப் பற்றி அம்மாவிடம் கோள் சொல்வதையும் பாட்டாகவே சொல்லுவாள். எனக்கு ஆத்திரமாக வரும், சிரிப்பும் வரும்.

அப்பா போன பிறகு வீட்டுக்கு மூத்தவன் நான். அவளை வெளிநாட்டுக்கு நான் அனுப்பவில்லை. அவளாகத்தான் போனாள். “வரும்போது ஒங்களுக்கு நல்ல மைக் ஒன்னு வாங்கிட்டு வாறேண்ணே, இந்த ஓட்ட மைக்க வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு மாரடிப்பீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன இடம் சரியில்லை. போனைப் பறித்துக்கொண்டார்கள். அவளிடம் பழைய போன் ஒன்று இருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. அந்த வீட்டுக் குழந்தையைப் பகலில் தூங்க வைக்கும்போது மட்டும்தான் அறையில் தனியாக இருப்பாள். அப்போதும் வீட்டுக்காரி கதவுக்கு வெளியே நடமாடிக்கொண்டிருப்பாள். பேச்சுச் சத்தம் கேட்டால் உள்ளே வந்துவிடுவாள். தாலாட்டுச் சத்தம் கேட்டால் வரமாட்டாள். அதனால் சர்மிளா எனக்குச் சொல்ல வேண்டியதைத் தாலாட்டாகப் பாடி அனுப்பினாள். போலீஸ், எம்பசி, ஏர்போர்ட் என்ற சொற்கள் வீட்டுக்காரிக்கும் விளங்கும் என்பதால் அவற்றைத் தொடவில்லை. எங்கள் ஊரில் ரயிலைச் சொல்லும் சொல்லைப் போட்டுக்கொண்டாள். அந்தப் பதிவில் இருப்பது இதுதான்.

*கோச்சி ஏறி வந்துருங்க அண்ணே,*
*கூட்டிக்கிட்டுப் போயிருங்க.*
*கதவு எல்லாம் பூட்டிருக்கு அண்ணே,*
*கண்ணு மூடத் தூக்கமில்ல.*
*கையச் சுட்டு வச்சுட்டாங்க அண்ணே,*
*காயம் இன்னும் ஆறலையே.*
*சோறு தண்ணி கேட்டதுக்கு அண்ணே,*
*சுவத்தோட தள்ளிட்டாங்க.*

கடைசியில் அதே மெட்டில், “அம்மாகிட்டச் சொல்லாதீங்க” என்று ஒரு இழுவை.

ஸ்டூடியோவில் தனியாக இருந்து கேட்டேன். அழுதேன். இதில் நான் பொய் சொல்லவில்லை, வாய்விட்டு அழுதேன். திரும்பக் கேட்டேன், அப்போதும் அழுதேன். அதற்கடுத்த தடவை கேட்கும்போது என் விரல் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். அதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. பல வருடம் கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் பாட்டுப் போட்டே பழகிய கை.

அடுத்த நாள் காலையில் ஹட்டனுக்குப் போய், அவளை அனுப்பிய முகவரைப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். சட்டையும் மாற்றிவிட்டேன். வெளியில் மழை இல்லை. மழை இல்லாத காலை வட்டவளையில் அடிக்கடி வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் அந்தக் குரலுக்குக் கீழே ஒரு தபேலாவை வைத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஹெட்போனை மாட்டினேன். கழற்றும்போது சாயங்காலமாகிவிட்டது.

‘அண்ணே’ என்ற சொல்லை வெட்டினேன். செய்தது அவ்வளவுதான், சேர். அந்த ஒரு சொல்லை எடுத்தவுடன், பூட்டிய வீட்டுக்குள் இருந்து ஒருத்தி தன் காதலனை அழைக்கிறாள். இத்தனை வருடம் நான் முக்கி முக்கி எழுதிய எந்தக் காதல் பாட்டிலும் அந்த ஏக்கம் வந்ததில்லை. சூடு பட்ட வரிகளையும் சுவர் வரிகளையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் புல்லாங்குழல் வைத்தேன். எல்லோரும் மெச்சுவது அந்த இடத்தைத்தான். நீங்களே ஒருமுறை, “அந்த இடத்தில குழல் வாசிக்கேல்ல தம்பி, அழுகுது” என்று ஒலிபரப்பில் சொன்னீர்கள்.

உங்களுக்கு அனுப்பிவைத்தேன். நீங்கள் உடனேயே எனக்குப் போன் எடுத்தீர்கள்.

“தம்பி, இது ஆர் பாடினது?”

“எந் தங்கச்சி சேர். வெளிநாட்டுல இருக்கா. போன்ல பாடி அனுப்புனா.”

“நல்ல குரல். ஆனால் பின்னால ஒரு குழந்தை சிணுங்குற சத்தம் கேக்குது. ஃபேன் இரைச்சலும் கிடக்கு. இன்னொருக்கா பாடி அனுப்பச் சொல்ல ஏலுமோ? இன்னும் ரெண்டு மூண்டு வரியும் இருந்தால் நல்லம். பாட்டு சின்னனாக் கிடக்கு.”

உங்கள் மேல் நான் குறை சொல்லவில்லை. நீங்கள் கேட்டது நியாயமானது. எந்த வானொலிக்காரரும் அதைத்தான் கேட்டிருப்பார்.

நான் சர்மிளாவுக்கு எழுத்தில் செய்தி அனுப்பினேன். குரலில் அனுப்பினால் சத்தம் வெளியே கேட்டு அவளுக்குத்தான் ஆபத்து. வெளிநாட்டு வேலை ஆபீசில் முறைப்பாடு கொடுத்திருப்பதாகவும், அவள் குரலை அவர்கள் கேட்டுப் பார்த்ததாகவும், சத்தம் தெளிவாக இல்லாததால் ஏற்க மாட்டேன் என்கிறார்கள் என்றும் எழுதினேன். ஃபேனை நிறுத்திவிட்டு, குழந்தை நன்றாகத் தூங்கிய பிறகு, வாயைப் போனுக்குக் கிட்ட வைத்து, மெதுவாக இன்னொருமுறை பாடு என்றேன்.

பாடி அனுப்பினாள். சொன்னபடி மெதுவாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி. ஃபேன் இல்லாத அந்த அறையில் எவ்வளவு புழுங்கியிருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன். மூன்றாம் வரியில் மூச்சு வாங்கியது. அதனால் இன்னொருமுறை கேட்டேன். அதையும் அனுப்பினாள். “ஆபீஸ்ல என்னா சொல்றாங்கண்ணே” என்று கடைசியில் பாட்டாகவே கேட்டிருந்தாள். விசாரிக்கிறார்கள் என்று பதில் எழுதினேன்.

பிறகு அந்தக் கூடுதல் வரிகள். திட்டுவது மாதிரி இருந்தால் ஆபீஸ்காரர்களுக்கு மனம் இரங்காது, ஊர் ஞாபகத்தைப் பாடு என்று எழுதினேன். அவள் யோசித்திருக்க வேண்டும், சில நாள் கழித்துத்தான் அனுப்பினாள்.

*பனி எறங்கி நிக்கும் மலையப்*
*பாத்து ரொம்ப நாளாச்சு.*
*ஒங்க முகம் பாத்தாப் போதும்,*
*ஒசுரு வந்து சேந்துரும்.*

இளவட்டங்கள் கையில் பச்சை குத்திக்கொள்வது இந்தக் கடைசி இரண்டு வரியைத்தான்.

பாட்டு போன வேகம் உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை தோறும் நீங்கள் வாசிக்கும் பத்துப் பாட்டு வரிசையில் கடைசியில் நுழைந்து, வாரத்துக்கு வாரம் மேலே ஏறியது. கினிகத்தேனைக் கடைத்தெருவில் ஒரு முனையில் கேட்கத் தொடங்கினால் மறு முனை போகும்வரை விட்ட இடமில்லாமல் கேட்கலாம். பஸ் நடத்துனரான சிங்களப் பொடியன் ஒருவன் அர்த்தம் தெரியாமல் முழுப் பாட்டையும் பாடிக்கொண்டே டிக்கட் கொடுத்தான். என் ஸ்டூடியோ வாசலில் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதுவரை தோட்டத்தில் என் பெயர் ஸ்பீக்கர்காரன். அதன் பிறகு எல்லோரும் பிரதாப் என்று கூப்பிட்டார்கள்.

அம்மா பெரட்டுக்களத்தில் யாரோ ஒருத்தியின் போனில்தான் முதலில் கேட்டிருக்கிறார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடும் இடம் அது. பெண்கள் சுற்றி நின்று, “ஒம்மக பாட்டுதான் பேச்சி” என்று கொண்டாடியிருக்கிறார்கள். அம்மா அன்றைக்குச் சாயங்காலம் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“இத எப்ப பாடுனா?”

“அங்க இருந்துதாம்மா. சும்மா இருக்கையில பாடி அனுப்புனா.”

“சும்மா இருக்கையில இப்படியா இழுப்பா?” என்றார் அம்மா. “மலையில நாங்க இப்படி இழுத்தா கங்காணிக்குத்தான் தெரியாது. அடுத்த நெரையில நிக்கிறவளுக்குத் தெரிஞ்சிரும். அவளுக்கு என்னமோ கொறையிருக்கு தம்பி. நீ கேட்டுப் பாத்தியா?”

“அது ஸ்டூடியோவுல நாங்க செய்யிறதும்மா. மெஷின்ல போட்டா எல்லாக் கொரலும் அப்படித்தான் இழுக்கும்.”

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். “அப்படின்னா சரி” என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனார். அவரிடம் சொல்ல வேண்டாமென்று சர்மிளாவே கேட்டிருந்தாள் அல்லவா, அந்த வார்த்தையை நான் காப்பாற்றினேன்.

நான் முகவரிடம் போகவே இல்லை என்று நினைக்காதீர்கள். போனேன். சின்னராசா என்று பெயர், ஹட்டனில் மாடியில் அலுவலகம். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“அட, நம்ம பாட்டுக்காரரு! ஒக்காருங்க, ஒக்காருங்க. ஒங்க தங்கச்சிய நாந்தான் அனுப்புனேன்னு வாறவன் போறவன்கிட்டெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. அடித்தது என்ன, பாடியது. சர்மிளாவின் குரலேதான். ‘கூட்டிக்கிட்டுப் போயிருங்க’ வரைக்கும் பாடவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எடுத்தார். பேசி முடித்த பிறகு, “பிள்ள எப்படி இருக்கா?” என்று கேட்டார். “அந்தப் பக்கம் சில வீடு மோசம். ஏதும்னா மறைக்காம ஒடனே சொல்லிருங்க. போன மாசங்கூட ஒரு பிள்ளய ஒரே வாரத்துல திருப்பி எடுத்தோம். நம்ம சனந்தானே.”

என் சட்டைப் பைக்குள் போன் இருந்தது. அதில் அந்தப் பதிவு இருந்தது. எடுத்து மேசையில் வைத்தால் போதும்.

அந்த வாரம் பாட்டு இரண்டாம் இடத்தில் இருந்தது, சேர். நான் நிதானமாகத்தான் யோசித்தேன். அவள் வந்து இறங்கினால் பத்திரிகைக்காரர்கள் அவளிடம் கேட்பார்கள், எங்கே பாடினாய், எப்படிப் பாடினாய் என்று. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. என் மேல் கோபப்பட்டிருக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். ஆனால் பாட்டு முறைப்பாடாகிவிடும். முறைப்பாட்டுக்கு யாரும் ஆடமாட்டார்கள். இன்னும் ஒரு வாரம், மிஞ்சிப் போனால் இரண்டு வாரம். முதலிடத்துக்கு வந்துவிட்டால் அதன் பிறகு எது வந்தாலும் பாட்டை அசைக்க முடியாது. அப்போது வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மனதாரத்தான் நினைத்தேன்.

“நல்லா இருக்கா” என்றேன். அவர் எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு பதிவு வந்தது. அதில் பாட்டு இல்லை. பேச்சு மட்டும்தான், அதுவும் குசுகுசுவென்று. பேச்சுச் சத்தம் கேட்டால் வீட்டுக்காரி வந்துவிடுவாள் என்று தெரிந்தும் பேசியிருந்தாள்.

“அண்ணே, தொண்ட கட்டிப்போச்சு, இனிமே பாட முடியல. இதுவரைக்கும் பாடுனதே போதும்னு ஆபீஸ்ல சொல்லுங்கண்ணே. அவங்களால முடியலன்னாலும் சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். நானா ஏதாச்சும் வழி பாத்துக்குறேன்.”

கொஞ்சம் பொறு, நல்ல செய்தி வருகிறது என்று எழுதினேன். அந்தச் சனிக்கிழமை பாட்டு முதலிடத்துக்கு வந்தது. லயத்துப் பொடியன்கள் பட்டாசு வெடித்தார்கள். அம்மாவுக்கு மாலை போட்டார்கள். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு மாலையைக் கழற்றி மாரியம்மனுக்குப் போட்டுவிட்டார்.

தோட்டத்து ஆபீசுக்குப் போன் வந்தது அதற்கடுத்த சில நாளில்தான். கதவெல்லாம் பூட்டியிருந்ததாம். மேல்மாடி ஜன்னல் வழியாகத் துணியைக் கட்டி இறங்கப் பார்த்திருக்கிறாள். துணி எட்டவில்லை.

பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அம்மா பெட்டியின் மேல் விழுந்து, கையை மட்டுமாவது காட்டச் சொல்லி அழுதார். ஏன் கையைக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இடுகாட்டுக்குப் போகும்போது அவள் பாட்டைப் போட வேண்டுமென்று பொடியன்கள் பிடிவாதம் பிடித்தார்கள். தோட்டத்தில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறவன் நான் ஒருவன்தான். நானே கட்டினேன், நானே போட்டேன். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கூடையோடு கீழே இறங்கி வந்து பாதையோரம் நின்றார்கள். அப்படி ஒரு அழுகையை நான் எந்தச் சாவிலும் கேட்டதில்லை. அந்த வாரமும் பாட்டு முதலிடத்திலேயே இருந்தது. அதன் பிறகு பல வாரம் இறங்கவே இல்லை.

ஆகவே, சேர், பாட்டு பிறந்த கதை இதுதான். அவள் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். கூட்டிக்கொண்டு வர என்னால் முடிந்திருக்கும், ஒரு வாரம் போதும் என்று சின்னராசா என் முகத்துக்கு நேராகச் சொன்னார். நான் சொல்லவில்லை. பாட்டு ஏறிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை. அவள் ஜன்னலில் கால் வைத்தபோது, யாரோ ஒரு ஆபீசர் தன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தாள். அப்படியொரு ஆபீசர் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவன் நான், சுருதி சரியா என்று. இதை விபத்து என்று இனிமேல் ஒலிபரப்பில் சொல்ல வேண்டாம்.

அசல் பதிவுகள் எல்லாவற்றையும் இத்துடன் அனுப்புகிறேன், அந்தக் கடைசிப் பேச்சையும் சேர்த்து. போலீசுக்குக் கொடுப்பதென்றாலும் கொடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அம்மாவை நானே கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நீங்கள் போட்டுக் காட்டுங்கள். எனக்கு வாயால் சொல்ல வராது. ஒரேயொரு உதவி மட்டும் கேட்கிறேன். கையைச் சுட்டதாக வருகிற இடத்தில் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். அம்மாவுக்கு இப்போது நெஞ்சு வருத்தம் இருக்கிறது, மாத்திரை போடுகிறார். இத்தனை வருடத்தில் பெற்றவள் மனம் நோகும்படி நான் எதையும் செய்ததில்லை.